கைக்கருவிகளின் பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் பேணுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பேசி, டேப்லெட், மடிக்கணினி, கேமரா, காதொலிக் கருவி, பவர் பேங்க் ஆகியவற்றுள் இன்று இருப்பது பெரும்பாலும் லித்தியம் அயனி பேட்டரியே. உறையின் மேல் ‘லித்தியம் பாலிமர்’ என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே நடக்கும் வேதிவினை ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், கீழே உள்ள பதில்கள் அதற்கும் பொருந்தும். வேறு வகைப் பேட்டரியைப் பற்றிப் பேசும் இடத்தில் அது தனியே குறிப்பிடப்பட்டுள்ளது.

புதிய கருவியை முதல் முறை எட்டு மணி நேரம் தொடர்ந்து சார்ஜ் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்ததும் அப்படியே பயன்படுத்தத் தொடங்கலாம். புதிய கருவிகள் பெரும்பாலும் பாதியளவு சார்ஜுடன் வருவதைக் கவனித்திருப்பீர்கள். கிடங்கில் பல மாதங்கள் இருந்தாலும் பேட்டரி கெடாமல் இருக்க அந்த அளவே ஏற்றது என்பதால்தான் தயாரிப்பாளர்கள் அவ்வாறு அனுப்புகிறார்கள்.

பேட்டரி முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

அவர்கள் சொன்னது அவர்கள் காலத்துப் பேட்டரிக்குச் சரியான அறிவுரை. அக்காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிகளை ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்குப் பாதி தீர்த்துவிட்டு மீண்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால், அவை அந்த அளவைத் தாண்டியதும் மின்னழுத்தம் குறைந்து சோர்ந்துவிடும். ‘நினைவு விளைவு’ என்று பெயர் பெற்ற இந்தக் குறையைத் தவிர்க்கவே, அவ்வப்போது பேட்டரியை முழுவதும் தீர்த்துவிட்டு நிரப்பும் வழக்கம் வந்தது.

லித்தியம் அயனி பேட்டரியில் இந்தத் தொல்லை நடைமுறையில் இல்லை. அதை அடிக்கடி அடிமட்டம் வரை தீர்ப்பது தீங்கையே செய்யும். 30 சதவீதத்தில் இருக்கும்போது கால் மணி நேரம், மாலையில் இன்னும் சிறிது நேரம் என்று துண்டு துண்டாகச் சார்ஜ் செய்வதில் எந்தத் தவறும் இல்லை. பேட்டரிக்கு இதமான முறையும் அதுவே.

பேட்டரி ஏன் மூப்படைகிறது?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

லித்தியம் அயனி பேட்டரிக்குள் ஒரு பக்கம் கோபால்ட் போன்ற உலோகத்தின் ஆக்சைடும், மறு பக்கம் கிராஃபைட்டும், இரண்டுக்கும் நடுவே மின்பகுளித் திரவமும் இருக்கின்றன. சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுப் புறப்பட்டு, திரவத்தைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே போய் அமர்கின்றன. கருவியைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் இந்த வழியைத் தொடங்கிவைத்தார்; 1980இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி மின்னழுத்தத்தை உயர்த்திக் காட்டினார்; 1985இல் அகிரா யோஷினோ, தூய லித்தியம் உலோகத்தைத் தவிர்த்துக் கார்பன் பொருளைப் பயன்படுத்தியதால் பாதுகாப்பான பேட்டரி கைகூடியது. 1991இல் சோனி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

போவதும் வருவதும் மட்டுமே நடந்தால் பேட்டரிக்கு மூப்பே வராது. ஆனால் தொழிற்சாலையில் முதன்முறை சார்ஜ் செய்யும்போதே கிராஃபைட்டின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது இல்லாவிட்டால் மின்பகுளி தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும் என்பதால், அந்தப் படலம் பேட்டரிக்குக் காவல். அதே படலம்தான் காலம் செல்லச் செல்லத் தடித்து, லித்தியத்தைத் தன்னுள் சிறைப்பிடித்துக்கொள்கிறது. சிறைப்பட்ட லித்தியம் திரும்பி வருவதில்லை. மின்சாரத்தைச் சுமக்கும் அயனிகள் அந்த அளவுக்குக் குறைகின்றன. மேசை இழுப்பறையில் பயன்படுத்தாமல் வைத்த பேட்டரியும் மூப்படைவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இந்தச் சிதைவை விரைவுபடுத்துபவை இரண்டு: ஒன்று வெப்பம், மற்றொன்று நிரம்பிய நிலையில் இருக்கும் உயர் மின்னழுத்தம். இரண்டும் சேர்ந்துவிட்டால் கேடு பன்மடங்காகிறது. எத்தனை முறை சார்ஜரைச் செருகினோம் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, பேட்டரி எவ்வளவு சூட்டில், எவ்வளவு நிரம்பிய நிலையில், எவ்வளவு நேரம் கிடந்தது என்பதில் கவனம் வைப்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

‘500 சுழற்சி’, ‘1000 சுழற்சி’ என்பதற்கு என்ன பொருள்?

ஒரு சுழற்சி என்பது சார்ஜரை ஒரு முறை செருகுவதைக் குறிப்பதில்லை. பேட்டரியின் முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின்சாரம் செலவாவதைக் குறிக்கிறது. இன்று 60 சதவீதம் செலவழித்துவிட்டு இரவில் நிரப்பி, நாளை 40 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரே சுழற்சிதான்.

ஆப்பிள் நிறுவனம் தன் ஐஃபோன் 14 வரையிலான கைப்பேசிகள் 500 சுழற்சிகளுக்குப் பிறகும், ஐஃபோன் 15 முதலானவை 1000 சுழற்சிகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும் என்று கூறுகிறது. உகந்த சூழ்நிலையில் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசிகள் 800 சுழற்சிகளுக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவைக் கொண்டிருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துவது உண்மையிலேயே பலன் தருமா?

தரும். பெரும்பாலான மின்கலங்கள் முழுமையாக நிரம்பும்போது 4.2 வோல்ட் வரை உயர்கின்றன. புதிய கைப்பேசிகள் சிலவற்றில் 4.4 வோல்ட்டையும் தாண்டுகின்றன. அந்த உச்சியில் ஆக்சைடுப் பக்கமும் மின்பகுளியும் ஒன்றையொன்று அரிக்கும் வேகம் கூடுகிறது. 80 சதவீதத்தில் நிறுத்தும்போது மின்னழுத்தம் அந்த உச்சியைத் தொடுவதே இல்லை. அடிமட்டத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 20 சதவீதத்துக்குக் கீழே இறங்குமுன் சார்ஜரைத் தேடுவது நல்ல பழக்கம்.

இன்றைய கைப்பேசிகளிலும் மடிக்கணினிகளிலும் இந்த எல்லையை வைத்துக்கொள்ளும் வசதி பேட்டரி அமைப்புகளுக்குள் பெரும்பாலும் இருக்கிறது. வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் நெடும்பயணம் போகும் நாளில், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியிருக்கும் நாளில், 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு செல்லத் தயங்க வேண்டாம். நிரப்புவதால் வரும் கேடு சிறிது. நிரப்பியபடியே நாள்கணக்கில் வைத்திருப்பதால் வரும் கேடு பெரிது. கருவி நமக்காக இருக்கிறது என்பதை மறந்து, சதவீதத்தைப் பார்த்துப் பார்த்து மனத்தை வருத்திக்கொள்ளும் அன்பர்களுக்கு இதை அக்கறையோடு சொல்கிறேன்.

இரவு முழுவதும் சார்ஜரிலேயே விட்டுவைத்தால் பேட்டரி வெடித்துவிடுமா?

நல்ல நிலையில் உள்ள கருவியும் தரமான சார்ஜரும் இருந்தால் அந்த அச்சம் தேவையில்லை. சார்ஜ் செய்வதைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று கருவிக்குள்ளேயே இருக்கிறது. முதற்கட்டத்தில் அது சீரான மின்னோட்டத்தை அனுமதிக்கிறது; மின்னழுத்தம் எல்லையை எட்டியதும் அதை அப்படியே பிடித்துவைத்து, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நிறுத்திவிடுகிறது. முதல் 70 சதவீதம் விரைவாக ஏறுவதும், கடைசிப் பகுதி ஊர்ந்து ஊர்ந்து ஏறுவதும் இதனால்தான்.

எஞ்சியிருப்பது, விடியும் வரை நிரம்பிய நிலையிலேயே கிடப்பதால் வரும் மெதுவான தேய்வு. உறங்கும் நேரத்தைக் கருவியே பழகிக்கொண்டு, 80 சதவீதத்தில் காத்திருந்து, எழும் நேரத்துக்குச் சற்று முன் மீதியை நிரப்பும் வசதி 2019 முதல் ஐஃபோனில் இருக்கிறது. மற்ற கைப்பேசிகள் பலவற்றிலும் வந்துவிட்டது.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சார்ஜில் இருக்கும் கைப்பேசியைத் தலையணைக்கு அடியிலோ போர்வைக்குள்ளோ வைக்கவே கூடாது. சார்ஜ் ஆகும்போது எழும் சூடு வெளியேற வழியில்லாமல் பஞ்சுக்குள் தேங்கும். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதோடு, ஏதேனும் பழுது ஏற்பட்டால் தீப்பிடிக்கக்கூடிய பொருளின் நடுவிலேயே அது நடக்கும்.

வெப்பத்திலிருந்து எப்படிக் காப்பது?

சார்ஜ் ஆகும்போது கைப்பேசியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது. கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சுட்டால் தடித்த உறையைக் கழற்றிவிட்டு, மரப்பலகை அல்லது கல் போன்ற கடினமான பரப்பில் வைக்க வேண்டும். விளையாடிக்கொண்டோ, நீண்ட காணொளி அழைப்பில் பேசிக்கொண்டோ சார்ஜ் செய்வது இரண்டு சூடுகளை ஒன்றாகச் சேர்ப்பதாகும். செயலியும் திரையும் ஒரு பக்கம், சார்ஜ் மறு பக்கம் என்று பேட்டரி இரண்டுக்கும் நடுவே வேகிறது.

ஆப்பிள் தன் கைப்பேசிகளை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தவும், −20 முதல் 45 டிகிரி வரையிலான சூழலில் வைத்திருக்கவும் சொல்கிறது. வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வாகனத்தின் முன்பலகை இந்த எல்லையை எளிதாகக் கடந்துவிடும். சூடேறிய கைப்பேசியைக் குளிர்பெட்டிக்குள் வைப்பதும் தவறு. உள்ளே ஈரம் படிந்துவிடும். நிழலில் வைத்து, அணைத்து, தானாகவே ஆறவிடுவதே முறை.

கடுங்குளிரில் கைப்பேசி திடீரென அணைந்துவிடுகிறதே?

குளிரில் அயனிகளின் ஓட்டம் மந்தமாவதால் அவ்வாறு நிகழ்கிறது; உடலின் சூட்டில் வைத்தால் மீண்டுவிடும். நிலையான கேடு வேறிடத்தில் இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். எனவே குளிரிலிருந்து வந்ததும் கருவி அறைச்சூட்டுக்குத் திரும்பும் வரை காத்திருந்து சார்ஜ் செய்யுங்கள்.

வேகமான சார்ஜ் பேட்டரியைக் கெடுக்குமா?

வேகத்தைவிட அதனுடன் வரும் சூடே கவலைக்குரியது. கருவியும் சார்ஜரும் தமக்குள் பேசிக்கொண்டு, பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் மிகுந்த ஆற்றலை அனுப்பி, நிரம்ப நிரம்பக் குறைத்துக்கொள்கின்றன. அவசரத்துக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இரவு முழுவதும் நேரம் இருக்கும்போது மெதுவான சார்ஜர் போதும்.

வேறு நிறுவனத்தின் சார்ஜரைப் பயன்படுத்தலாமா? கூடுதல் வாட் உள்ள சார்ஜர் ஆபத்தா?

யூஎஸ்பி-சி முறையைச் சரியாகப் பின்பற்றும் சார்ஜர் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் பயன்படுத்தலாம். 65 வாட் சார்ஜரில் 20 வாட் மட்டும் ஏற்கும் கைப்பேசியைச் செருகினால், கைப்பேசி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குழாயில் எவ்வளவு நீர் இருந்தாலும் குவளைக்கு வேண்டியதை நாம் திறந்துவிடும் அளவே தீர்மானிப்பது போல. சார்ஜர் தொடக்கத்தில் 5 வோல்ட் மட்டுமே தருகிறது. கருவி கேட்ட பிறகே உயர்த்துகிறது.

கேபிளுக்கும் இதில் பங்கு உண்டு. சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். 5 ஆம்பியர் தாங்கும் கேபிளின் முனைக்குள் அதை அறிவிக்கும் சிறு சில்லு ஒன்று இருக்கும். மடிக்கணினி மெதுவாகச் சார்ஜ் ஆகிறதென்று சார்ஜரை மாற்றுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள். பெயரோ தரக்குறியோ இல்லாத மிக மலிவான சார்ஜர்களை மட்டும் நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சுவரில் உள்ள உயர் மின்னழுத்தத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே இருக்க வேண்டிய காப்பு, அவற்றில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

கம்பியில்லாச் சார்ஜ் எப்படி?

வசதியானது, ஆனால் ஆற்றலில் ஒரு பகுதி சூடாக வீணாகிறது, அந்தச் சூடும் பேட்டரியை ஒட்டியே எழுகிறது. கைப்பேசியைச் சார்ஜருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் நடுவில் சரியாகப் பொருந்துமாறு வைத்தால் சூடு குறையும். காந்தத்தால் தானாகப் பொருந்தும் வகை இதில் சிறந்தது.

மடிக்கணினியை எப்போதும் செருகியே வைத்து வேலை செய்கிறேன். தவறா?

பேட்டரி எல்லையை 80 சதவீதத்தில் வைத்திருந்தால் தவறில்லை. அந்த வசதி இல்லாத பழைய கணினியானால், வாரத்தில் சில நாள்கள் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாதிவரை இறங்கவிடுங்கள். எந்நேரமும் 100 சதவீதம், அதோடு உள்ளே செயலியின் சூடு என்ற கூட்டணிதான் மடிக்கணினிப் பேட்டரிகளை இளவயதிலேயே முடித்துவிடுகிறது.

சில மாதங்கள் பயன்படுத்தாமல் வைப்பதானால் என்ன செய்ய வேண்டும்?

ஏறத்தாழ 50 சதவீதத்தில் அணைத்து, உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து மீண்டும் பாதிக்கு நிரப்ப வேண்டும். அணைத்து வைத்தாலும் பேட்டரி மெதுவாகத் தானே இறங்கிக்கொண்டிருக்கும்.

என்னிடம் இருந்த கேமரா ஒன்றை, சார்ஜ் தீர்ந்த நிலையில் அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்தேன். சார்ஜரில் வைத்தபோது விளக்கு இரண்டு முறை மின்னிவிட்டு அணைந்தது. எத்தனை முறை முயன்றும் அவ்வளவுதான். மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால், உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் செம்புத் தகடு கரையத் தொடங்கிவிடக்கூடும் என்பதால் பாதுகாப்புச் சுற்று அதன் பிறகு சார்ஜ் செய்ய மறுத்துவிடுகிறது. அதை ஏமாற்றி உயிர்ப்பிக்கும் வழிகளைச் சிலர் சொல்வார்கள். அவற்றைப் பின்பற்ற வேண்டாம். அந்த மறுப்பு நம் நன்மைக்காகவே செய்யப்படுகிறது.

என் பவர் பேங்கில் 10,000 என்று போட்டிருக்கிறது. 5,000 உள்ள கைப்பேசியை இரண்டு முறை நிரப்ப முடியவில்லையே?

அந்த 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளே உள்ள மின்கலத்தின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்ட அளவு; அதாவது 37 வாட் மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது அது 7,400 ஆகிவிடும். மாற்றும்போது சூடாகப் போவதைக் கழித்தால் இன்னும் குறையும். கைப்பேசியும் தன் பங்குக்குச் சிறிது இழக்கிறது. எனவே ஒன்றரை முறைக்குச் சற்றுக் குறைவாக நிரப்பினாலும் குறை சொல்வதற்கில்லை.

விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம். சரக்காக அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட் மணி. 100 முதல் 160 வரை இருந்தால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 20,000 உள்ளது 74 வாட் மணி என்பதால் வரம்புக்குள் அடங்கும்.

20 சதவீதம் இருக்கும்போதே கைப்பேசி அணைந்துவிடுகிறது. ஏன்?

மூப்படைந்த பேட்டரியில் கொள்ளளவு குறைவதோடு, மின்னோட்டத்தைத் தடுக்கும் உள்தடையும் கூடுகிறது. கேமராவைத் திறப்பது போன்ற பெரிய வேலை வந்ததும் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து, கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. சதவீதம் என்பது கணக்கிட்டுச் சொல்லும் மதிப்பீடு என்பதால், அந்தக் கணக்கு தவறிவிடுவதும் உண்டு. ஒரு முறை தானாக அணையும் வரை பயன்படுத்தி, பிறகு இடைவிடாமல் 100 வரை நிரப்பினால் கணக்கு சீராகலாம். இது அளவீட்டைத் திருத்துமே தவிர, இழந்த கொள்ளளவைத் திருப்பித் தராது. சீரான பிறகும் அணைந்தால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

பேட்டரி உப்பியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் அறிகுறிகள் மிகச் சிறியவை. என் மடிக்கணினியில் தொடுபலகையை அழுத்தினால் வரும் ‘டிக்’ ஒலி ஒரு நாள் வரவில்லை. தூசி புகுந்திருக்கும் என்று நினைத்துத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். சில வாரங்களில் மூடியை மூடினால் முன்விளிம்பில் ஒரு நகம் நுழையும் இடைவெளி தெரிந்தது. சமதளமான மேசையில் வைத்தபோது மூலைக்கு மூலை ஆடியது. பின்மூடியைத் திறந்த பழுதுபார்ப்பவர், தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரிப் பை தலையணை போலப் பொம்மியிருப்பதைக் காட்டினார். மின்பகுளி சிதைந்து வாயுவாகி உள்ளே அடைபட்டிருந்தது. அந்த ‘டிக்’ நின்ற நாளிலேயே சார்ஜரைக் கழற்றியிருக்க வேண்டும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளம் நடுங்குகிறது.

கைப்பேசியில் திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு வெளிச்சம் கசிவதும், பின்மூடி பிரிவதும் இதன் அடையாளங்கள். கண்டதும் கருவியை அணைத்துச் சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள். அழுத்தித் தட்டையாக்கவோ, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றவோ ஒருபோதும் முயல வேண்டாம். உள்ளே உள்ள இரண்டு பக்கங்களும் தொட்டுக்கொண்டால் அந்தக் கணமே தீப்பிடிக்கக்கூடும். எளிதில் தீப்பற்றாத இடத்தில் வைத்து, விரைவில் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள்.

தீப்பிடித்துவிட்டால்?

முதலில் ஆட்களை வெளியேற்றித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். புகை நச்சுத்தன்மை உடையது; அதை முகர்ந்துகொண்டு அருகில் நிற்கக் கூடாது. கைப்பேசி போன்ற சிறு கருவியானால், பாதுகாப்பான தொலைவிலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றலாம். சூடு ஒரு மின்கலத்திலிருந்து அடுத்ததற்குப் பரவாமல் தண்ணீர் தடுக்கும். ஆனால் அது சார்ஜரோடு சுவர் மின்சாரத்தில் இணைந்திருந்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும் முன் தண்ணீர் ஊற்றக் கூடாது. சுடர் அணைந்த பிறகும் மீண்டும் பற்றக்கூடும் என்பதால் கையால் தொடவோ உள்ளே எடுத்துவரவோ வேண்டாம்.

சார்ஜ் துளையில் தண்ணீர் போய்விட்டது.

முழுவதும் உலரும் வரை சார்ஜரைச் செருக வேண்டாம். துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பஞ்சு, காகிதம், சூடான காற்று எதுவும் வேண்டாம்.

பழைய பேட்டரியை எப்படிக் கழிப்பது?

வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. குப்பை வண்டியின் அழுத்தும் தட்டில் நசுங்கிய பேட்டரி, வண்டியையே எரித்துவிடக்கூடும். மின்னணுக் கழிவு சேகரிக்கும் மையத்திலோ, பேட்டரியைத் திரும்பப் பெறும் விற்பனையாளரிடமோ கொடுத்தால் கோபால்ட், நிக்கல், செம்பு, லித்தியம் ஆகியவற்றை மீட்டெடுக்க முடியும். கொடுக்கும் வரை அதன் மின்முனைகளின் மேல் மின்காப்பு நாடாவை ஒட்டி, சாவி, நாணயம் போன்ற உலோகப் பொருள்கள் படாதவாறு தனியே வைத்திருங்கள்.